கேமரன் மலையின் பழைய விடுதியும் நம் பள்ளிப் பதிவேடுகளும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் தாயாரை அழைத்துக்கொண்டு கேமரன் மலைக்குச் சென்று வந்தேன். அம்மா அங்குள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். திருமணத்திற்குப் பின் சமவெளிக்கு வந்துவிட்டார். எத்தனையோ முறை உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்காக மலைக்குச் சென்றிருந்தாலும், அங்கு ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கியதில்லை. இம்முறை தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடையில், கோல்ப் திடலுக்கு அருகில் இருக்கும் ஸ்மோக்ஹவுஸ் விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினோம். அவ்விரண்டு நாள்களில் கண்டவையும் சிந்தித்தவையும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகின்றேன்.

ஸ்மோக்ஹவுஸ் 1930களின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட கட்டடம். வெள்ளைச் சுவர்களில் கறுப்பு மரச்சட்டங்கள், செங்கல் புகைபோக்கி, தாழ்ந்த கூரை, அதைத் தாங்கும் கனத்த உத்தரங்கள், சுற்றிலும் பூந்தோட்டம் என்று இங்கிலாந்தின் நாட்டுப்புற விடுதி ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததைப்போல் இருக்கின்றது. வரவேற்பு அறையில் கணப்பு எரிகின்றது. பிற்பகலில் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் பழப்பாகும் தருகின்றார்கள்.

அம்மா வாசலில் சற்று நேரம் தயங்கி நின்றார். "சின்ன வயசுல லோரியில போகும்போது இந்த வீட்டப் பார்த்திருக்கேன்மா. யாரோ பெரிய துரை வீடுன்னு நெனச்சேன். காசு கொடுத்தா நாமளும் உள்ள வரலாம்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தச் சொற்களே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

மலை எப்படி ஊராயிற்று?

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பேராக் பகாங் எல்லைப் பகுதியை ஆராய்ந்தபோது இம்மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார். மலை அவர் பெயரைப் பெற்றது. ஆனால் அதற்கும் முன்பே செமாய் முதலிய பூர்வக்குடி மக்கள் இக்காடுகளில் வாழ்ந்து வந்தார்கள் என்பதை நாம் மாணவர்களுக்குச் சொல்லத் தவறக்கூடாது. கேமரன் எழுதிய பின்னரும் நாற்பது ஆண்டுகள் ஆங்கிலேயர் இங்கு பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலைக்கு வந்து பார்த்த பிறகே இதனை ஓர் ஓய்விடமாக்கும் திட்டம் உருவாயிற்று. அதே காலத்தில் தானா ராத்தாவில் வேளாண்மைச் சோதனை நிலையம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

வெப்ப நாடுகளை ஆண்ட ஆங்கிலேயர் எங்கும் இவ்வாறே செய்தார்கள். தமிழ்நாட்டில் உதகமண்டலம், இலங்கையில் நுவரெலியா, வடஇந்தியாவில் சிம்லா ஆகியவை அவ்வாறு உருவான மலைநகரங்களே. குளிர்ந்த காற்று, ரோஜாச் செடி, கோல்ப் திடல், தேவாலயம், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், தங்குவதற்கு ஒரு விடுதி என்று தங்கள் ஊரின் சாயலைக் குன்றின்மேல் அமைத்துக்கொண்டார்கள். ஸ்மோக்ஹவுஸ் அந்த வரிசையில் வந்த ஒன்று.

இவ்வளவையும் மலைக்குக் கொண்டு சேர்க்கச் சாலை வேண்டுமல்லவா? பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலை 1931இல் முடிவுற்றது. நிலம் பகாங்கைச் சேர்ந்தது என்றாலும் அன்று ஏறும் வழி பேராக்கிலிருந்துதான் இருந்தது. சாலை முடிவதற்கு முன்பே, 1929இல், ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழிலைக் கற்ற ஏ.பி. மில்ன் அவருக்குத் துணையாக இருந்தார். நீராவியால் ஓடும் சாலை உருளை ஒன்றும் சில கோவேறு கழுதைகளும் ஒரு தொழிலாளர் கூட்டமும் கொண்டு அம்மலைச்சரிவு திருத்தப்பட்டது என்று அந்நிறுவனத்தின் வரலாறு சொல்கின்றது. ரஸ்ஸல் 1933இல் காலமானார். அதே ஆண்டில்தான் பாரத் குழுமத்தின் தேயிலைத் தொழிலும் இம்மலையில் தொடங்கியது.

இங்கு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1929, 1930, 1931 ஆகியவை உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டுகள். ரப்பர் விலை வீழ்ந்தது. ரப்பர்த் தோட்டங்களில் வேலை இழந்த நம்மவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சமவெளியில் தமிழர் வேண்டாதவராகிக் கொண்டிருந்த அந்நாள்களில்தான், மேலே மலையில் காடு வெட்டவும் குழி தோண்டவும் தேயிலைக் கன்று நடவும் தமிழர் வேண்டியிருந்தனர். என் பாட்டனார் சேலம் மாவட்டத்திலிருந்து வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியதாகச் சொல்வார்களே தவிர, எந்த ஆண்டு என்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டதால் அதற்கு முன்னர் வந்திருக்க வேண்டும் என்று நான் கணக்கிட்டுக்கொள்கின்றேன்.

அத்தடைக்குக் காரணம் கூலிக்குறைப்பு. ரப்பர்த் தோட்டங்களில் அக்காலத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது நிலையான கூலியாகக் கருதப்பட்டது. 1938இல் அது 45 காசாகவும் 36 காசாகவும் குறைக்கப்பட்டது. ஸ்மோக்ஹவுஸ் போன்ற விடுதிகளில் கணப்பு மூட்டப்பட்ட காலமும் அதுவே.

இரண்டு வகைப் பள்ளிக்கூடங்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியை என்பதால் என் கண் பள்ளிக்கூடங்களைத்தான் முதலில் தேடும். 1934இல் ஆன் கிரிபித் ஜோன்ஸ் என்னும் அம்மையார் கேமரன் மலையில் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்காக ஓர் உறைவிடப் பள்ளியை நிறுவினார். அவர் முன்னரே சிங்கப்பூரில் டாங்ளின் பள்ளியைத் தொடங்கியவர். போருக்குப் பின், 1950களின் தொடக்கத்தில், ஆங்கிலேயப் படையினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி என்று ஒன்று இங்கு இயங்கி 1964இல் மூடப்பட்டது. இப்பள்ளிகளில் படித்தவர்கள் முதுமையிலும் தங்கள் பள்ளி நாள்களை நினைவுகூர்ந்து எழுதி, படங்களைத் தொகுத்து வைத்துள்ளார்கள்.

தோட்டப் பிள்ளைகளின் நிலை என்ன? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்குமாறு நிர்வாகத்திற்குக் கட்டளையிடலாம். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கின்றது. பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர். சில இடங்களில் கிராணியாரே ஆசிரியர். ஆயினும் அங்கு ஒரு பதிவேடு இருந்தது. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், நின்ற நாள் என்று கோடு போட்ட புத்தகத்தில் மை தொட்டு எழுதி வைத்தார்கள்.

அம்மா நான்காம் வகுப்போடு நின்றவர். முதல் நாள் இரவு கணப்பின் அருகில் அமர்ந்திருந்தபோது, "பள்ளிக்கூடத்துல என் பேரு எழுதுன அன்னிக்கு வாத்தியாரு எங்கப்பாவப் பாத்து, புள்ள எப்பப் பொறந்துச்சுன்னு கேட்டாரு. கொழுந்து நெறைய வந்த மாசம்னு அப்பா சொன்னாரு. வாத்தியாரே ஒரு தேதி போட்டுக்கிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். இன்றும் அம்மாவின் அடையாள அட்டையில் இருப்பது அந்த வாத்தியார் போட்ட தேதிதான்.

தேடப்பட்டவரும் தேடப்படாதவர்களும்

கேமரன் மலைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் தவறாமல் விசாரிக்கும் ஒரு கதை உண்டு. பாங்காக்கில் தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறன்று, தாம் விருந்தினராகத் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே சென்றார். திரும்பவில்லை. காவல் துறையினர், படைவீரர், பூர்வக்குடி மக்கள் எனப் பல நூறு பேர் நாள்கணக்கில் காடெங்கும் தேடினார்கள். எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. அவரைப் பற்றிப் பல புத்தகங்கள் வந்துவிட்டன.

அந்தக் கதையை நான் சொல்லி முடித்ததும் அம்மா, "எங்க பெரியப்பாவும்தான் சயாமுக்குப் போயி வரல. அவர யாரு தேடுனா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையில், சயாம் பர்மா இரயில் பாதை போடுவதற்காக மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ஏறத்தாழப் பாதிப்பேர் காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் மாண்டனர். அதே பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. படையினரின் பெயர்ப்பட்டியல் படை அலுவலகத்தில் இருந்தது. நம்மவரின் பெயர்ப்பட்டியல் எங்கே இருந்தது? தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. பள்ளிப் பதிவேட்டில் 'தகப்பனார் பெயர்' என்ற கட்டத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தை நாம் எவ்வாறு பாதுகாத்தோம் என்பதுதான் என் கேள்வி.

நான் செய்த தவறு

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கின்றது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், நான் பணியாற்றிய ஒரு சிறிய தோட்டப்பள்ளி புதிய கட்டடத்திற்கு மாறியது. பழைய அலமாரியில் கறையான் அரித்த பதிவேடுகள் ஒரு கட்டு இருந்தன. இடமில்லை, யாருக்குப் பயன்படப் போகின்றது என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். பள்ளித் திடலின் ஓரத்தில் தீ வைத்தோம். அந்தக் கட்டுகளைத் தூக்கிச் சென்று போட்டவர்களுள் நானும் ஒருத்தி. ஒரு புத்தகம் தீயில் விரிந்தபோது அழகான சாய்வெழுத்தில் ஏதோ ஒரு பெயரைக் கண்டதாக நினைவு. அன்று அது என்னை உறுத்தவில்லை.

ஸ்மோக்ஹவுஸில் கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்தது. அந்த விடுதியில் பழைய நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்திருக்கின்றார்கள். பழையது என்பதற்காகவே மக்கள் பணம் கொடுத்து வந்து தங்குகின்றார்கள். நாங்களோ பழையது என்பதற்காகவே எரித்தோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகின்றேன். அந்த விடுதியின்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல விதமாகப் பேணியிருக்கின்றார்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டும். இலங்கையில் நுவரெலியாவிற்கு அருகில் கந்தப்பொளையில், கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையையே 1996இல் விடுதியாக மாற்றிவிட்டார்கள். கொழுந்து உலர்த்திய மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர். அங்கு பழைய இயந்திரங்களையும் அகற்றாமல் காட்சிக்கு வைத்திருக்கின்றார்கள். வேலை செய்த இடமும் பேணத்தக்கது என்று எண்ணினால் அதற்கு வழி பிறக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாம் நாள் காலை

மறுநாள் காலையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றோம். மலைச்சரிவு முழுவதும் பச்சைக் கம்பளம்போல் செடிகள். கண்ணாடி போட்ட தேநீர்க்கடையில் கூட்டம் நிரம்பியிருந்தது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவைப்பது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது ஆகிய எல்லாவற்றையும் அம்மா எனக்கு விளக்கிச் சொன்னார். கைவிரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய காலம் அவருடையது. இப்போது பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமும் கொண்டு கொழுந்து எடுக்கின்றார்கள். வேலை செய்வோரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் படித்து ஊர் மாறிவிட்டார்கள். அது நல்லதுதான். அதற்காகத்தானே நம் பெற்றோர் பாடுபட்டார்கள்?

ஆனால் லயம் காலியாகும்போது கதையும் காலியாகின்றது. அம்மா ஒரு சரிவைக் காட்டி, "அந்த மேட்டுலதான் பெரட்டு. அதுக்குக் கீழ ஆயாக்கொட்டகை" என்றார். எனக்கு அங்கு தேயிலைச் செடிகள் மட்டுமே தெரிந்தன. தேயிலைச் செடி நூறாண்டு வாழக்கூடியது. 1930களில் நட்ட செடிகளிலிருந்து இன்றும் கொழுந்து எடுக்கின்றார்கள். நட்டவர் பெயர் மட்டும் அவ்வளவு நாள் நிற்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

கேமரன் மலையில் தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்களிலும் சில தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாடெங்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 2014 முதல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப்பாடமாக வந்தது. பாடநூலில் உள்ளதைக் கற்பிப்பது நம் கடமை. அதனோடு சேர்த்துப் பின்வருவனவற்றையும் செய்யலாம் என்று பணிவுடன் முன்வைக்கின்றேன்.

முதலாவது, உங்கள் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, குறிப்புப் புத்தகம் எது இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். தலைமையாசிரியரின் அனுமதியுடன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். கைத்தொலைபேசியே போதும். தனிமனிதர் விவரங்கள் இருப்பதால் அவற்றைப் பொதுவில் வெளியிட வேண்டாம். பாதுகாப்பதே நோக்கம்.

இரண்டாவது, ஈரமில்லாத அலமாரி ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். மலைப்பகுதிகளில் தாளுக்குக் கறையானைவிட ஈரக்காற்றுப் பெரும்பகை. புத்தகங்களை நெகிழிப் பையில் இறுகக் கட்டினால் உள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியே நல்லது.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையைத் தாத்தா பாட்டியின் அருகில் அமர்த்தி நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்தத் தோட்டம், எந்த லயம்? கங்காணி பெயர் என்ன? பள்ளிக்கூடத்து வாத்தியார் யார்? பதிலை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதட்டும், திருத்த வேண்டாம். 'கொழுந்து நெறைய வந்த மாசம்' என்பதை ஏதோ ஒரு தேதியாக மாற்றிவிட்டால் அதிலுள்ள செய்தி போய்விடும்.

இச்செயல்களுக்குப் பெரும் பணம் தேவையில்லை. எங்கள் பள்ளியில் சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக்கொண்டு தொடங்கினோம். முப்பது பிள்ளைகளில் பதினொருவர் எழுதி வந்தார்கள். அவர்களுள் இருவரின் கொள்ளுத் தாத்தாக்கள் ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த வீட்டில் இருந்திருக்கின்றனர். அவ்விரு பிள்ளைகளும் ஆறு ஆண்டுகளாக ஒரே வகுப்பில் இருந்தும் அது தெரியாமல் இருந்தது. பாலர் பள்ளியிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள்.

விடுதியை விட்டுப் புறப்படும் காலையில், முகப்பில் விருந்தினர் குறிப்பெழுதும் புத்தகம் ஒன்றை எங்களிடம் நீட்டினார்கள். நான் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதினேன். அம்மாவிடம் கொடுத்தபோது முதலில் மறுத்தார். பிறகு பேனாவை வாங்கி, நான்காம் வகுப்பில் கற்ற எழுத்தில், மெதுவாகத் தம் பெயரையும் தம் தகப்பனார் பெயரையும் தமிழில் எழுதினார். அதன்கீழ், பிறந்த தோட்டத்தின் பெயரையும் எழுதினார். தேதி மட்டும் என்னைக் கேட்டுப் போட்டுக்கொண்டார்.